குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அண்ணனுக்கும், இந்த மதுரை வெயிலிலும் வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, சாக்கடை, நாய்த் தொல்லை மூன்றும் போன வருஷ அறிக்கையில் எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கின்றன. மாநகராட்சிக்கு மனு கொடுத்திருக்கிறோம், நகல் ஃபைலில் இருக்கிறது. பொங்கல் விழா நன்றாக நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், ஆனால் அவர் புலம்பலில் ஒன்றை மட்டும் நானே சொல்லிவிடுகிறேன். சந்தாவாக வந்த பத்து ரூபாய் நாணயங்களை எடுத்துக்கொண்டு விழாச் சாமான் வாங்கப் போனால், கடையில் செல்லாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பத்து ரூபாய் நாணயம் 14 வடிவங்களிலும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்தாயிற்று. அதைக் கடைக்காரரிடம் எடுத்துச் சொன்னால், "சார், நான் வாங்கிக்கிறேன், என்கிட்ட எவன் வாங்குவான்?" என்கிறார். அவர் கேட்பதும் நியாயமாகத்தான் படுகிறது.

இந்த வருஷம் சங்கத்தின் நேரத்தை விழுங்கியவை இப்படிப்பட்ட விஷயங்கள்தான். அதனால் மீதி அறிக்கை நம் வாட்ஸ்அப் குரூப் பற்றியது.

பள்ளி திறந்த சமயம். பிள்ளை பிடிக்கும் கும்பல் மதுரைக்குள் இறங்கிவிட்டதாக ஒரு ஆடியோ சுற்றிக்கொண்டிருந்தது. அதே வாரத்தில் போர்வை விற்க வந்த ஒரு வடமாநிலப் பையனை ரேஷன் கடை பக்கம் நம் ஆட்களே நிறுத்திவைத்துவிட்டார்கள். ஒருவர் ஆதாரைக் கேட்கிறார், இன்னொருவர் அவன் போனைப் பிடுங்கி கேலரியைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார், அந்தப் பையனோ அத்தனை நேரமும் தலையில் இருந்த மூட்டையை இறக்காமல் ஒரு கையால் பிடித்தபடியே நின்றான். தேய்ப்புக் கடை அண்ணன் வந்து, "இவன் வருஷா வருஷம் வர்றவன்ப்பா, என் வீட்டுப் போர்வையே இவன்கிட்ட வாங்கினதுதான்" என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள். ஆனால் அதற்குள் போட்டோ குரூப்புக்கு வந்துவிட்டது, அதுவும் மூட்டை தெரியாமல் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து. சாயங்காலம் அதே போட்டோ வேறொரு குரூப்பைச் சுற்றி, "வில்லாபுரத்தில் பிடிபட்டவன்" என்ற தலைப்போடு நம் குரூப்புக்கே திரும்பி வந்தது. நம் ஆட்களில் சிலர் அதற்கும் கைகூப்பி நன்றி போட்டார்கள்!

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வம் கும்பிடக் குடும்பத்தோடு வந்த 65 வயது அம்மா வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று ஊர்க் கூட்டம் அவரை அடித்தே கொன்றுவிட்டது. அங்கேயும் முதலில் வந்தது வாட்ஸ்அப் செய்திதான். 2023 மார்ச்சில் இதுவே தலைகீழாக நடந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று அங்கே பொய் வீடியோக்கள் பரவின, அந்த வழக்கில் கைதான பீகார் யூடியூபர் நம் மதுரை மத்தியச் சிறையில்தான் இருந்தார். அன்றைக்கு நம்மைப் பற்றிப் பொய் சொல்கிறார்களே என்று கொதித்தவர்களில் இரண்டு பேரை அந்த ரேஷன் கடைக் கூட்டத்தில் பார்த்தேன்.

அடுத்தது அக்டோபர் மழை. 25ஆம் தேதி பெய்த பேய்மழையில் செல்லூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது உண்மை. அது கண்மாயும் பந்தல்குடி வாய்க்காலும் தாங்காமல் வந்த தண்ணீர். குரூப்பில் வந்ததோ வைகை அணையைத் திறந்துவிட்டார்கள், ராத்திரிக்குள் ஊர் முழுகிவிடும் என்ற வீடியோ. அதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்த்தால், பின்னால் தெரிகிற கடை போர்டு மலையாளத்தில் இருக்கிறது. வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5ல் இரண்டாவது, 69ல் மூன்றாவது எச்சரிக்கை கொடுத்த பிறகுதான் திறப்பார்கள், முன்னறிவிப்பு இல்லாமல் ராத்திரியோடு ராத்திரியாக அல்ல. ஆனால் நிறைமாதப் பெண்ணை வைத்திருந்த ஒரு வீட்டார் அந்த வீடியோவை நம்பி, கொட்டுகிற மழையில் ஆட்டோ பிடித்துத் திருமங்கலம் போனார்கள். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஒரே வாட்ஸ்அப் செய்தியை ஐந்து பேருக்கு மேல் மொத்தமாக அனுப்ப முடியாது என்று 2018லேயே நம் நாட்டில் கட்டுப்பாடு வந்தது. பல கை மாறிய செய்தி என்றால் 2020லிருந்து ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம், இரட்டை அம்புக்குறியும் விழும். நம் ஆட்களுக்கு இது ஒரு பொருட்டா? வீடியோவை இறக்கி, புதிதாக ஏற்றிவிடுகிறார்கள். அம்புக்குறி போய்விடுகிறது, பக்கத்து வீட்டு மாமாவே கண்ணால் பார்த்து எடுத்தது மாதிரி வந்து நிற்கிறது. நாம் செய்தியையா நம்புகிறோம்? மாமாவைத்தானே நம்புகிறோம்!

இனி, எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். நம் உறுப்பினர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், டிஜிட்டல் அரெஸ்ட் மோசடியில் பணம் இழந்தார். பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது என்று வீடியோ காலில் போலீஸ் உடையோடு உட்கார்ந்து மிரட்டியிருக்கிறார்கள். போனில் கைது செய்யச் சட்டத்தில் இடமே கிடையாது. உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிட்டிருந்தால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு இருந்தது. அவர் பல நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் டீச்சர் என்று கேட்டதற்கு, "குரூப்புல போட்டுச் சிரிப்பீங்கன்னு பயந்துட்டேன்" என்றார். அதற்கு முந்தைய வாரம்தான் வேறொரு தெருவில் ஏமாந்தவரைப் பற்றி நம் குரூப்பில் மீம்ஸ் ஓடியது, அதை அவரும் பார்த்திருக்கிறார்.

தப்பான செய்தி வந்தால் அட்மின்தான் மாட்டுவார் என்று ஒரு பயம் இருக்கிறது. அட்மினாக மட்டும் இருந்து வேறெதுவும் செய்யாதவர் பெயரை வழக்கிலிருந்து நீக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. ஆனால் ஃபார்வேர்டு செய்தவர் தப்ப முடியாது. அனுப்பிய செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு, விளைவுக்கு அனுப்பியவரே பொறுப்பு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் ஒரு நடிகரின் வழக்கில் சொன்னது, உச்ச நீதிமன்றமும் அவரைக் காப்பாற்றவில்லை.

சரி, தீர்மானத்துக்கு வருகிறேன். பொய் என்று தெரிந்ததும் போட்டவர் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போகக் கூடாது. போட்ட அதே குரூப்புகளில், அதே ஆள், தன் பெயரிலேயே இது பொய் என்று எழுத வேண்டும். நானோ தலைவரோ மறுத்தால் யாரும் படிப்பதில்லை, மாமாவே வந்து சொன்னால் படிப்பார்கள். தெருவில் வருகிறவர் யாருடைய போட்டோவையும் குரூப்பில் போடக் கூடாது, சந்தேகம் என்றால் காவல் நிலையத்துக்குப் போன் செய்தால் போதும். சந்தேகமான செய்தியை நம் தெருக் கல்லூரிப் பிள்ளைகளிடம் அனுப்பினால் தேடிப் பார்த்துச் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அரசின் தகவல் சரிபார்ப்பகப் பக்கத்தையும் அவர்கள் பார்ப்பார்கள்.

செயற்குழுவில் இதற்கு எதிர்ப்பும் இருந்தது. பெரியவர்களை மன்னிப்புக் கேட்க வைப்பதா என்று இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டே போய்விட்டார்கள், சங்கத்தில் இருக்கிறார்கள், இன்று வந்தும் இருக்கிறார்கள். மன்னிப்பு என்ற வார்த்தையே தீர்மானத்தில் கிடையாது, நகலை வாங்கிப் பாருங்கள். பொருளாளர் கணக்கை வாசித்து முடித்ததும் கை தூக்கி ஓட்டெடுப்பு. அதுவரை யாரும் கிளம்பிவிட வேண்டாம், டீ வந்துகொண்டிருக்கிறது.

செயலாளர்