கையெழுத்து வாங்காதே, மகளே

ஈஸ்ட் ஹாம், இலண்டன்

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டபோது கடையில் ஆட்கள் நின்றதால் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். உன் பேக்கரியில் வேலை செய்யும் நால்வரில் ஒருவர், "எனக்குப் பென்ஷன் வேண்டாம், சம்பளத்தை வெட்டாமல் தாருங்கள், நீங்களே ஒரு கடிதம் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார், வாங்கிவிடட்டுமா என்று கேட்டாய். வாங்காதே.

தொழிலாளி கேட்காமலே முதலாளி அவரைப் பென்ஷன் திட்டத்தில் சேர்த்து, தானும் ஒரு பங்கு போடுவதுதான் தன்னியக்கச் சேர்ப்பு. 2008ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டப்படி இது 2012 அக்டோபரில் பெரிய நிறுவனங்களில் தொடங்கி, படிப்படியாக எங்களைப் போன்ற சிறு கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. இதற்கு வழி காட்டியது டர்னர் பிரபு தலைமையில் இருந்த ஓய்வூதிய ஆணைக்குழு. படிவம் நிரப்பிச் சேரச் சொன்னால் பெரும்பாலோர் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவார்கள். சேர்த்துவிட்டு, வேண்டாதவர் விலகலாம் என்று விட்டால் அதே சோம்பல் அவர்களை உள்ளேயே இருத்திவிடும். இன்று ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இப்படிச் சேர்ந்திருக்கிறார்கள். கொழும்பில் நான் கடைச் சிப்பந்தியாக இருந்த காலத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு என்னிடமிருந்து 8 சதவீதமும் முதலாளியிடமிருந்து 12 சதவீதமும் போயின. விலகுவது என்ற பேச்சே அங்கு இல்லை. இங்கே அந்த உரிமை உண்டு. ஆனால் அது தொழிலாளியின் உரிமை, முதலாளி அதில் கை வைக்கக்கூடாது.

ஆகவே முதலில் அவரைச் சேர்த்துவிட வேண்டும். விலகும் படிவத்தை அவர் திட்டத்தை நடத்துவோரிடமிருந்து தானே பெறவேண்டும். ஒரு மாதத்துக்குள் விலகினால் வெட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். பிந்தினால் பணம் உள்ளேயே கிடக்கும், 55 வயதுக்கு முன் தொட முடியாது, 2028 ஏப்ரலிலிருந்து அந்த வயதும் 57 ஆகிறது.

நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2017இல் எங்கள் கடையின் முறை வந்தபோது, தட்டுகளில் சாமான் அடுக்கும் மாமாவை, நீ சின்ன வயதில் தோளில் ஏறி விளையாடிய அதே மாமாவைத்தான், பக்கத்தில் கூப்பிட்டு, "ஐந்து வருடத்தில் ஊருக்குப் போகப்போகிறாய், உனக்கெதற்கு இது?" என்று கேட்டேன். அவர் என் முகத்துக்காக விலகினார். நல்லெண்ணத்தில் சொன்னதாகவே அப்போது நினைத்துக்கொண்டேன். என் பங்கு மிச்சமாகும் என்பதும் மனதில் இருந்தது என்பதை உனக்கு மறைக்கவில்லை. முதலாளி விலகத் தூண்டுவதைச் சட்டம் தடை செய்கிறது என்பதைப் பிறகுதான் கணக்காளர் சொன்னார். "கோழி மேய்த்தாலும் கோர்ணமேந்தில் மேய்க்கவேண்டும்" என்று உன் அப்பப்பா ஓயாமல் சொன்னது எந்தப் பென்ஷனுக்காகவோ, அதையே நான் இன்னொருவனுக்குத் தட்டிவிட்டிருக்கிறேன்.

உன் ஆளிடம் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லாதே, சம்பளச் சிட்டையை மேசையில் விரித்துக் காட்டு. மாதம் 1,500 பவுண் என்றால் முதல் 520 பவுண் கணக்கில் வராது, மிச்சம் 980. அவருடைய 5 சதவீதம் 49 பவுண், அதில் அவர் கையிலிருந்து போவது 39 பவுண் 20 பென்ஸ், வரிச் சலுகையாக வருவது 9 பவுண் 80 பென்ஸ். உன் 3 சதவீதம் 29 பவுண் 40 பென்ஸ். விலகுகிறவர் 39 பவுணைக் கையில் எடுத்துக்கொள்ள, வரிச் சலுகையும் உன் பங்கும் சேர்ந்த மற்ற 39 பவுணையும் விட்டுவிடுகிறார். வாடகை நெருக்கும் மாதத்தில் அந்த 39 பவுண் பெரிய காசுதான், அதை நான் மறுக்கவில்லை, முடிவு அவருடையது.

எனக்கு அதைவிடக் கவலை உன்னிடம் காலையிலும் வேறிடத்தில் மாலையிலும் வேலை செய்யும் அந்தப் பெண்ணைப் பற்றித்தான். 22 வயது நிறைந்து, ஓய்வூதிய வயதுக்குள், ஒரே வேலையில் ஆண்டுக்கு 10,000 பவுணுக்கு மேல் உழைப்பவரைத்தான் தானாகச் சேர்க்கவேண்டும். ஒவ்வொரு வேலையும் தனித்தனியாகத்தான் பார்க்கப்படும். இரண்டு இடத்திலும் 8,000 வீதம் 16,000 உழைக்கிற அவளை எவரும் சேர்க்கமாட்டார்கள். அவளாகக் கேட்டால் இரு முதலாளிகளும் பங்கு போட்டே ஆகவேண்டும், ஆனால் ஆண்டுக்கான 6,240 பவுண் கழிவு இரண்டு தடவை விழுவதால் இருவர் பங்கும் சேர்ந்து ஆண்டுக்கு 105 பவுண் 60 பென்ஸ்தான். அதே 16,000ஐ ஒரே இடத்தில் உழைத்தால் 292 பவுண் 80 பென்ஸ் வரும். இந்தக் கழிவை நீக்கவும் வயதை 18 ஆக்கவும் வழிவிடும் சட்டம் 2023இல் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரும்வரை, கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு என்பதை எழுத்தில் கொடு. இதைச் சொல்வது உன் கடமை, தூண்டுதல் ஆகாது.

இன்னொன்று, அந்த 10,000 பவுணை மாதக் கணக்கில்தான் பார்ப்பார்கள், மாதச் சம்பளம் 833 பவுணைத் தாண்டும் மாதத்திலேயே சேர்க்கவேண்டும். எங்கள் கடையில் நத்தாருக்கு மேலதிக நேரம் செய்த ஒருத்தி டிசம்பரில் தாண்டினாள், ஜனவரியில் சிட்டையைக் கொண்டுவந்து, பென்ஷனுக்கு வெட்டிய இடத்தில் விரலை வைத்து, "இதென்ன அண்ணா?" என்று கேட்டாள். தொடக்கத்தை மூன்று மாதம்வரை ஒத்திவைக்கலாம், ஆனால் அதையும் கடிதமாகச் சொல்லவேண்டும். திட்டம் எது என்று அலையாதே. எந்த முதலாளியையும் மறுக்கக்கூடாது என்ற கடப்பாட்டோடு, அரசு அமைத்த நெஸ்ட் என்ற பென்ஷன் திட்டம் இருக்கிறது.

கடமை தொடங்கி ஐந்து மாதத்துக்குள், சட்டப்படி செய்துவிட்டேன் என்ற அறிவிப்பை ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அனுப்பவேண்டும். நினைவூட்டல் கடிதம் வந்த பழுப்பு உறையை விளம்பரம் என்று நினைத்து நான் லாச்சியில் போட்டுவிட்டு, 400 பவுண் தண்டம் கட்டினேன். அதற்கும் அசையாமல் இருந்தால் நாலு பேர் வரை உள்ள கடைக்கு நாளுக்கு 50 பவுண். ஐந்தாவது ஆளை எடுத்தால் நாளுக்கு 500.

விலகியவர்களை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி சேர்க்கவேண்டும். மாமாவை 2020இல் சேர்த்தேன். இந்தத் தடவை நான் வாய் திறக்கவில்லை, அவரும் விலகவில்லை, ஊருக்கும் போகவில்லை. போன மாதம் கைபேசியில் தன் கணக்கைக் காட்டி, "அண்ணை, முதல் மூன்று வருடக் காசு இதில் காணவில்லையே" என்றார். நான் வெங்காய மூட்டையை அவிழ்க்கத் தொடங்கினேன்.

அன்புடன்,
அப்பா