கலவை மீற்றர் பொருத்தக் கேட்பவர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களே,

காற்று-பெற்றோல் கலவையைக் காட்டும் மீற்றரை வாங்கிக்கொண்டு எங்கள் திருத்தகத்துக்கு வருபவர்கள் கூடியிருக்கிறார்கள். இரண்டு மணித்தியால வேலைக்குக் காரை ஒரு நாள் முழுதும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதாகி, வன்னியில் மண்ணெண்ணெயில் கார் ஓடியது பலருக்கு நினைவிருக்கும். காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். கலவை சரியா என்பதைக் காது சொல்லும், எஞ்சினுக்குள் தீப்பொறி தரும் பிளக்கின் நிறம் சொல்லும். கறுத்திருந்தால் எண்ணெய் கூட, வெளுத்திருந்தால் குறைவு, கோப்பி நிறமென்றால் சரி. அந்தக் கைப்பழக்கத்தை இன்றும் மதிக்கிறோம். ஆனால் பிளக் சொல்வது ஓடி முடிந்த ஓட்டத்தின் கணக்கு. மாங்குளம் தாண்டி ஏ-9 வீதியில் அழுத்தி மிதிக்கும் அந்த நேரத்தில் எஞ்சினுக்குள் என்ன எரிகிறது என்பதை மீற்றரில்தான் பார்க்கலாம்.

ஒரு கிலோ பெற்றோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். மீற்றர் காட்டும் எண் அதற்குக் கீழே போனால் பெற்றோல் கூட, மேலே போனால் காற்றுக் கூட. சாதாரண ஓட்டத்தில் 14.7ஐ ஒட்டி நிற்கலாம். முழு மிதியில் 12.5 முதல் 13 வரை இருப்பதே நல்லது. அந்த வேளையில் 16 காட்டினால் வால்வும் பிஸ்டனும் சூட்டில் கெடும். மீற்றருக்காகப் புகைக்குழாயில் பொருத்தும் உணர்கருவிதான் சென்சர். பழைய வகைச் சென்சரோடு வரும் மலிவான மீற்றர்கள் 14.7க்கு எந்தப் பக்கம் என்பதை மட்டுமே சொல்லும். அவற்றை நாங்கள் பொருத்துவதில்லை.

இந்த எண்ணை நம்பலாமா என்பதுதான் எங்கள் கவலை முழுதும். சென்சர் புகைக்குழாயில் மிஞ்சிய ஒட்சிசனை அளக்கிறது. அந்த ஒட்சிசன் எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. சென்ற மாரியில் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு கார் வந்தது. வேறிடத்தில் பொருத்திய மீற்றர் சும்மா நிற்கும்போதே 17 காட்ட, உரிமையாளர் காபரேற்றரில் பெற்றோலைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். பிளக் நான்கும் கரி. எஞ்சினோடு புகைக்குழாய் சேரும் இடத்தின் இடைவெளியை அடைக்கும் காஸ்கற் வெடித்து, வெளிக்காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. காஸ்கற்றை மாற்றியதும் அதே மீற்றர் 11 காட்டியது. ஒரு பிளக் எரியாமல் விட்டாலும் இப்படித்தான் ஏமாற்றும். ஆகவே முதலில் ஒழுக்குப் பார்ப்போம், பிளக் பார்ப்போம், பிறகே குழாயில் துளையிடுவோம்.

துளைக்கு மேல் 18 மில்லிமீற்றர் மரையுள்ள வளையத்தை வெல்டிங் செய்கிறோம். அது குழாயின் மேற்பாதியில், படுக்கைக் கோட்டிலிருந்து குறைந்தது 10 பாகை உயர்ந்து இருக்க வேண்டும். சென்சர் தன் சூடாக்கியால் 700 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கும். குழாயில் ஊறிய நீர் பட்டால் உள்ளிருக்கும் பீங்கான் வெடித்துவிடும். சூடாக்கிக்கு மின்சாரம் இல்லாமல் எஞ்சினை ஓடவிட்டால் கரி படிந்தும் சாகும். அதனால்தான் சாவி திறந்தவுடன் மின்சாரம் வரும் வயரில், தனிப் பியூஸோடு இணைக்கிறோம்.

மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். அவ்வகைப் பழைய பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பற்றறியின் நேர்முனைதான் காரின் உடலோடு சேர்ந்திருக்கும். இன்றைய மீற்றர்கள் எதிர்முனை சேர்ந்த கார்களுக்குச் செய்தவை. பார்க்காமல் இணைத்தால் சாவியைத் திருப்பிய கணமே மீற்றர் எரிந்துபோகலாம். முனையை மாற்றலாம், அதற்கு மின்சாரம் உண்டாக்கும் டைனமோவையும் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது தனி வேலை, தனிக் கூலி. உங்கள் சம்மதம் இல்லாமல் தொடமாட்டோம்.

மீற்றர் பொருத்தியதால் மட்டும் பெற்றோல் மிச்சமாகாது. அதைப் பார்த்துக் காபரேற்றரைச் சரிசெய்த பிறகே பலன் தெரியும். கணினி கட்டுப்படுத்தும் புதிய கார் குறையின்றி ஓடுகிறதென்றால் உங்களுக்கு இது தேவையில்லை என்றே சொல்வோம்.

வருகிறவர்கள் காரை முதல்நாள் மாலையே விட்டுச் செல்லுங்கள். இரவு முழுதும் ஆறிய எஞ்சினைக் காலையில் எழுப்பும்போதுதான் ஒழுக்கின் சத்தம் தெளிவாகக் கேட்கும். மீற்றரைப் பெட்டியோடு, எந்த வயரையும் வெட்டாமல் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் திருத்தகத்தார்
கிளிநொச்சி