இன்னும் இரண்டு இரவு கொடுங்கள்

முக்திநாத் யாத்திரை நடத்தும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

2019 ஏப்ரலில் உங்களில் ஒருவர் நடத்திய யாத்திரையில் என் அத்தையைக் கூட்டிக்கொண்டு நேபாளம் போய் வந்தேன். அந்த ஏற்பாட்டாளர் யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை. அவர் மட்டும் செய்த தவறும் இல்லை இது. அதற்குப் பிறகு நிறைய பேருடைய பயண நிரலைப் பார்த்துவிட்டேன், பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

எங்களுக்கு நடந்தது இதுதான். காலையில் போக்ராவில் சின்ன விமானம் ஏறினோம். இருபது நிமிடத்தில் ஜோம்சோம். இறங்கியதும் ஜீப். பத்தரை மணிக்குள் முக்திநாத் கோவிலுக்குக் கீழே இருக்கும் ராணிபவுவாவில் விட்டுவிட்டு, “முக்கால் மணி நேரம்தான், தரிசனம் முடிச்சுட்டு வந்துடுங்க” என்றார்கள். அத்தைக்கு அப்போது 66 வயது. கோவிலுக்குப் போகும் படியில் பாதி ஏறியதும் உட்கார்ந்துவிட்டாள். “தலையைக் கயிறு போட்டு இறுக்கற மாதிரி இருக்குடா” என்றாள். முகம் வெளுத்திருந்தது. கூட வந்த வழிகாட்டி ஒரு துண்டு கற்பூரத்தைக் கையில் கொடுத்து முகரச் சொன்னார். என் தோளைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேவித்துவிட்டு வந்தாள். அன்று ராத்திரி ஜோம்சோம் விடுதியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, “பெருமாள் எப்படி இருந்தார் சொல்லு, எனக்கு முகமே ஞாபகம் இல்லை” என்று என்னிடம் கேட்டாள்.

நாற்பது வருஷமாகப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த ஊர் அது.

உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. திருமங்கையாழ்வார் ‘சாளக்கிராமம் அடை நெஞ்சே’ என்று பாடிய தலம் இதுதான் என்று வைணவர்கள் கொண்டாடுகிறார்கள். ஆழ்வார்கள் பாடிய 108 திவ்ய தேசங்களில் ஒன்று. மயிலாப்பூரிலும் மன்னார்குடியிலும் இருக்கும் வயதானவர்கள் தனியாக அந்த மலைக்குப் போய் வருவது நடக்காத காரியம். சமையல்காரரையும் மளிகைச் சாமானையும் ஏற்றிக்கொண்டு, ரசம் சாதம் போட்டு அவர்களைக் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறீர்கள். அது பெரிய காரியம். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். நிரலில் இரண்டு இரவு கூட்டுங்கள். ஒன்று முக்திநாத்துக்குக் கீழே இருக்கும் காக்பேனியில், ஒன்று காட்மாண்டுவுக்குப் பக்கத்தில் இருக்கும் பக்தபூரில்.

முதலில் காக்பேனி. போக்ரா இருப்பது சுமார் 820 மீட்டர் உயரத்தில். ஜோம்சோம் சுமார் 2,740. முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல். அதாவது ஊட்டியை விட ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரம். காலையில் இட்லி சாப்பிட்ட இடத்திலிருந்து அரை நாளில் 2,900 மீட்டர் மேலே கொண்டுபோய் விடுகிறீர்கள். அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 2,500 மீட்டருக்கு மேல் போனாலே யாருக்கும் மலைநோய் வரலாம். வயது, உடற்பயிற்சி, பக்தி எதுவும் அதைத் தடுக்காது. கற்பூரத்தை முகர்ந்தால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறாது. தலைவலியோடு குமட்டல், தள்ளாட்டம் என்று வந்தால் கீழே இறங்குவதுதான் வைத்தியம். அந்த நிலையில் இருப்பவரை, கோவிலில் வரிசையாகக் கொட்டும் 108 தாரையின் பனித்தண்ணீரில் நனையச் சொல்லி உற்சாகப்படுத்தாதீர்கள், தயவுசெய்து. மருந்து மாத்திரை விஷயத்தை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அவரவர் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

உடம்புக்கு வேண்டியது நேரம். சுமார் 2,800 மீட்டரில் இருக்கும் காக்பேனியில் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, மறுநாள் காலையில் மேலே போய்விட்டு, இரவுக்கு மறுபடி கீழே வந்துவிட்டால், வயதானவர்களுக்கு எவ்வளவோ தேவலை. 2023 நவம்பரில் நானும் இரண்டு நண்பர்களும் அப்படித்தான் போனோம். அதே படிகளை நின்று நின்று ஏறினேன். தலைவலி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

உங்களுக்கும் இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஜோம்சோம் விமானங்கள் காலையில் மட்டும்தான் பறக்கும். வெயில் ஏற ஏற வடக்கே திபெத்தியப் பீடபூமி சூடாகி அங்கே காற்று மேலே எழும். அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து காளி கண்டகிப் பள்ளத்தாக்கு வழியாகக் காற்று விரட்டிக்கொண்டு வரும். முன்பகல் தாண்டிவிட்டால் மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். ஒரு காலை மேகம் மூடினால் விமானம் ரத்து, அதோடு உங்கள் மொத்த நிரலும் சரியும். கையில் ஒரு இரவு மிச்சம் இருந்தால் அது தாங்கும்.

உடம்புக்காக மட்டும் அங்கே தங்கச் சொல்லவில்லை. எங்கள் ஜீப்பில் ஒரு பெரியவர் வந்தார். எள்ளையும் தர்ப்பையையும் ஊரிலிருந்தே பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். காக்பேனியில், காளி கண்டகியும் முக்திநாத் பக்கமிருந்து வரும் ஓடையும் சேரும் இடத்தில், அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வேண்டும் என்று. ஓட்டுநர் மேலே ரோட்டில் போகும்போதே கையை நீட்டி, “அதோ காக்பேனி” என்று கீழே காட்டினார். வண்டி நிற்கவில்லை. அந்த எள்ளோடு அவர் ஊர் திரும்பினார்.

2023-இல் அந்தக் கூடுதுறைக்கு இறங்கிப் போனேன். ஊர் ஒரு பழைய கோட்டை மாதிரி. மண் சுவர்களுக்கு நடுவே இரண்டு பேர் ஒதுங்கிப் போகும் அளவுக்குச் சந்துகள், சில இடங்களில் தலைக்கு மேலேயே வீடு. ஊர் எல்லையில் காவலுக்கு மண்ணால் செய்த உருவங்களை நிறுத்தியிருக்கிறார்கள். நம்மூர் எல்லைச் சாமி நினைவு வந்தது. சிவப்புச் சுவரோடு நிற்கும் பௌத்த மடாலயம் 1429-இல் கட்டியது. திபெத்திலிருந்து உப்பும் தெற்கிலிருந்து தானியமும் மாறிய பாதை இந்தப் பள்ளத்தாக்குதான். அந்த ஆகஸ்டில்தான் ஓடையில் வெள்ளம் வந்து வீடுகளையும் பாலத்தையும் அடித்துப் போயிருந்தது. மழை அதிகம் தெரியாத பகுதி, கூரையே மண்தான். நான் போனபோதும் ஓடைக்கரையில் கல்லும் சேறுமாகக் கிடந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு நம் ஒரு இரவு வாடகையும் உதவும்.

ஆற்றுப் படுகை சாம்பல் நிறத்தில் அகலமாகக் கிடக்கிறது. குனிந்து பார்த்தால் கறுப்புக் கற்கள். உடைந்து கிடந்த ஒன்றைக் கையில் எடுத்தேன். உள்ளே சுருள் சுருளாக, ஒவ்வொரு வளையத்திலும் நகத்தால் கீறினது போல வரிகள். சாளக்கிராமக் கல்லில் நாம் சக்கரம் என்று கும்பிடுவது அதைத்தான். அம்மோனைட் என்ற கடல் உயிரியின் ஓடு அது, சுமார் 15 கோடி ஆண்டுப் பழசு. இமயம் எழும்புவதற்கு முன்னால் அங்கே டெத்திஸ் கடல் இருந்தது. இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து முட்டியதில் கடலடி மண் மலையாகிவிட்டது. ஒரு பக்கம் 8,167 மீட்டர் தவளகிரி, மறுபக்கம் 8,091 மீட்டர் அன்னபூர்ணா. நடுவில் ஆறு அறுத்துக்கொண்டு போகிறது. மலைக்கு முன்பே ஆறு இருந்தது, மலை உயர உயர அது தன் வழியை அறுத்துக்கொண்டது என்கிறார்கள் புவியியலாளர்கள். வீட்டுப் பெருமாள் பெட்டியில் சாளக்கிராமம் வைத்துத் திருமஞ்சனம் செய்கிறவர்களிடம் இதை அந்தப் படுகையில் நிற்க வைத்துச் சொல்லிப் பாருங்கள். என் அத்தைக்குப் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “பாற்கடல்னு சொன்னது சரியாத்தான் இருக்கு” என்றாள்.

முக்திநாத்திலும் முக்கால் மணி நேரம் போதாது. 108 தாரைகளைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே ஜ்வாலா மாயி சன்னதி இருக்கிறது, ஒரு பௌத்த மடாலயத்துக்குள். பீடத்துக்குக் கீழே கம்பி வலை. நெற்றி தரையில் படுகிற அளவுக்குக் குனிந்தால் விரல் நுனி உயரத்துக்கு நீலமாக ஒரு சுடர் தெரியும். அடியில் தண்ணீர் ஓடும் சத்தமும் கேட்கும். பாறை இடுக்கில் கசியும் இயற்கை எரிவாயு அது. பெருமாள் சன்னதியிலும் பௌத்தப் பிக்குணிகள் பணி செய்கிறார்கள், அவர்களுக்கும் இது புனிதத் தலம். இதை நம் ஆட்களுக்கு முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப் போங்கள். கோவிலுக்குள் அவர்களைப் பார்த்து முகம் சுளித்த ஒருவரை நான் பார்த்தேன். சொல்லியிருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டார்.

காக்பேனி வரை போக, அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கு நீங்கள் ஏற்கெனவே எடுக்கும் அனுமதிச் சீட்டே போதும். அதற்கும் வடக்கே, மேல் முஸ்தாங்குக்குப் போனால்தான் தனி அனுமதி.

இனி பக்தபூர். காட்மாண்டு என்றால் பசுபதிநாத், புத்தநீலகண்டத்தில் சயனப் பெருமாள், அப்புறம் கடைவீதி. பெரும்பாலும் இத்தோடு முடித்துவிடுகிறீர்கள். விஷ்ணு தலத்துக்காகவே இவ்வளவு தூரம் வந்த கூட்டத்தை, காட்மாண்டுப் பள்ளத்தாக்கின் மிகப் பழைய விஷ்ணு தலம் என்று சொல்லப்படும் இடத்துக்குக் கூட்டிப் போகாமல் திருப்பி அனுப்புகிறீர்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. சாங்கு நாராயணர் கோவில் பக்தபூருக்கு வடக்கே ஒரு மலை முகட்டில் இருக்கிறது. 1979-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த காட்மாண்டுப் பள்ளத்தாக்கின் ஏழு இடங்களில் ஒன்று. நேபாளப் பத்து ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள், கருடன் மேல் பெருமாள் இருப்பார். அந்தச் சிலை இந்தக் கோவிலில் இருப்பதுதான். பிராகாரத்தில் ஒரு காலைத் தூக்கி உலகளக்கும் திரிவிக்கிரமன் சிலை உண்டு. திருக்கோவிலூரில் சேவித்தவர்கள் அதன் முன்னால் எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்று யோசியுங்கள்.

கோவிலுக்கு முன்னால் ஒரு தூணில் கல்வெட்டு. கி.பி. 464, அரசன் மானதேவனுடையது. அப்பா தர்மதேவன் இறந்ததும் தாய் ராஜ்யவதி உடன்கட்டை ஏறக் கிளம்புகிறாள். மகன் காலில் விழுந்து அழுகிறான், நீ போனால் அதற்கு முன் நான் உயிரை விடுவேன் என்கிறான். அவள் மனம் மாறி இருந்துவிடுகிறாள். பிறகு அவன் படையெடுத்துப் போனது, கண்டகி ஆற்றைக் கடந்தது எல்லாம் வருகிறது. ஒரு வெற்றித் தூணில் அம்மாவைப் போகவிடாமல் தடுத்த கதையைச் சமஸ்கிருதத்தில் வெட்டி வைத்திருக்கிறான். எதிரிலேயே கல்லில் கருடன், மனித முகத்தோடு, கழுத்தில் பாம்போடு மண்டியிட்டிருக்கிறார். அந்த முகம் மானதேவனுடையது என்று சொல்வார்கள். எங்கள் குழுவில் எத்தனையோ அம்மாக்கள் மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை.

அன்று இரவு பக்தபூரிலேயே தங்குங்கள். பகல்கூட்டம் போன பிறகு ஊர் தன் பாட்டுக்கு இருக்கும். 1702-இல் கட்டிய ஐந்தடுக்கு நியாதபோலா கோவிலின் படிகளில் கீழே மல்லர்கள், அடுத்து யானைகள், சிங்கங்கள் என்று மேலே போகப் போக, ஒன்றை விட ஒன்று பத்து மடங்கு பலம் கொண்ட காவலர்கள். 1934 பூகம்பத்திலும் 2015 பூகம்பத்திலும் அது நின்றுவிட்டது. 2015 ஏப்ரல் 25 அன்று சுமார் ஒன்பதாயிரம் பேர் இறந்த நாட்டில், சரிந்த கோவில்களைப் பழைய முறைப்படியே செங்கல்லும் மரச் செதுக்குமாக எழுப்பியிருக்கிறார்கள். காலையில் மண்சட்டியில் உறைந்த ‘ஜுஜு தௌ’ தயிர் வாங்கிக் கொடுங்கள். நம் சமையலுக்கு நடுவே அந்த ஊர்ச் சாப்பாட்டுக்கும் ஒரு வேளை விடலாமே. பருப்பும் சோறும் கீரையும்தான், யாருக்கும் ஒத்துக்கொள்ளும்.

கட்டணம் கூடும் என்பீர்கள். கூடட்டும், கேட்டுப் பாருங்கள். போக்ராவில் கடைவீதிக்கு ஒதுக்கிய அரை நாளையும் காட்மாண்டுவில் ஒதுக்கிய அரை நாளையும் எடுத்தால் ஒரு நாள் அங்கேயே கிடைத்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை போக்ராவிலிருந்து மேலே போகும் சாலையில் மண் சரியும், அந்த மாதங்களை அறவே விடுங்கள். தாரைகளில் நனைந்த பிறகு ஈரத்துணியை அங்கேயே போட்டுவிட்டு வரும் வழக்கத்தையும் நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

அத்தைக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. மறுபடி போகலாமா என்று மருத்துவரிடம் கேட்டாயிற்று, மெதுவாக ஏறினால் போகலாம் என்று சொல்லியிருக்கிறார். உங்கள் அடுத்த ஐப்பசி நிரலில் ‘காக்பேனி, இரவு தங்கல்’ என்று ஒரு வரி இருந்தால், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர். எள்ளோடு திரும்பிய அந்தப் பெரியவர் எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. உங்கள் பழைய பதிவேட்டில் அவர் எண் இருக்கும், அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு ஒருமுறை வந்த பயணி