டெஹானுவைப் பாதியில் மூடி வைத்தவர்களுக்கு

எர்த்ஸீ வாசகர்களுக்கு வணக்கம்.

உர்சுலா கே. லெ குவின் எழுதிய, எர்த்ஸீ என்ற கற்பனை உலகில் நடக்கும் நாவல் வரிசையில் முதல் மூன்று நூல்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நான்காவதான ‘டெஹானு’வை மட்டும் தள்ளி வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த மடல். 1990இல் அது வெளிவந்ததிலிருந்தே வாசகர்கள் இரண்டுபட்டுக் கிடக்கிறார்கள். ஒரு பக்கம், அறிபுனை, மாயப்புனைவு எழுத்துகளுக்குத் தரும் நெபுலா விருது கிடைத்தது. இன்னொரு பக்கம், கதாநாயகன் கெட்டை இப்படி ஆக்கிவிட்டாரே என்று மனம் கசந்து போனவர்களும் நிறைய. நானும் பதினேழு வயதில் அதைப் பாதியில் மூடி வைத்தவள்தான். அதனால் உங்கள் வருத்தத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் கெட் விஷயத்தைப் பேசிவிடுவோம். எர்த்ஸீயின் மகா மந்திரவாதியிடமிருந்து ஆற்றலைப் பறித்துவிட்டு ஆடு மேய்க்க அனுப்பிவிட்டார் என்பதுதான் உங்களில் பலரின் மனக்குறை. ஆனால் அந்த ஆற்றல் போனது மூன்றாம் நூலில், 1972இல் வந்த ‘தி ஃபார்தெஸ்ட் ஷோர்’ முடியும் இடத்தில். இருப்பவர் உலகுக்கும் இறந்தவர் உலகுக்கும் நடுவே திறந்து கிடந்த கதவை அடைக்கத் தன்னிடம் இருந்ததையெல்லாம் கெட் அங்கேயே கொட்டிவிடுகிறான். கலெஸ்ஸின் என்ற டிராகன் அவனைச் சுமந்துகொண்டு காண்ட் தீவுக்குப் பறக்கிறது. நாம் கண் கலங்கி நூலை மூடினோம். சரி, டிராகன் எங்கேயாவது இறங்க வேண்டாமா? இறங்கியவன் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வான்? டெஹானு அந்த இடத்தில்தான் அவனை ஏந்திக்கொள்கிறது. நமக்கு நடுவில் 18 வருடம் ஓடிவிட்டது. கெட்டுக்கு அது ஒரே ஒரு பயணம்.

ஆட்டையும் நாம் மறந்துவிட்டோம். 1968இல் வந்த முதல் நூலில் கெட் யார்? ஆடு மேய்க்கும் பையன். அவன் கற்ற முதல் மந்திரமே ஆடுகளைக் கூப்பிடும் சொல்தான். கற்றுக் கொடுத்தவள் ஊரில் சூனியக்காரி என்று பெயர் எடுத்த அவனுடைய அம்மாவின் சகோதரி. அதே நூலில் காண்ட் தீவுப் பழமொழி ஒன்று வருகிறது: பெண்ணின் மந்திரம் போல நோஞ்சான், பெண்ணின் மந்திரம் போலப் பொல்லாதது. அவனுக்கு முதல் சொல்லைக் கொடுத்ததே ஒரு பெண்ணாக இருக்க, இந்தப் பழமொழி எப்படிச் சரியாகும் என்று நாம் நின்று கேட்கவில்லை. லெ குவின் கேட்டார். ஆண் வீரனை நடுவில் வைக்கும் மரபுக்குள் நின்றுதான் முதல் மூன்றையும் எழுதினேன் என்று 1992இல் ஆற்றிய உரையொன்றில் வெளிப்படையாகவே பேசினார். தன் நூலைத் தானே எதிர்த்துக் கேள்வி கேட்ட எழுத்தாளர் அவர். இதற்காகவே எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

எனக்கு இந்த நூல் திறந்துகொண்டது இருபது வருடம் கழித்து. என் அப்பா லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து வலது கை சொன்ன பேச்சைக் கேட்காமல் போனபிறகு, பட்டறை ஆட்கள் பார்க்க வந்தால் செடிக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விடுவார். அவர்கள் காபி குடித்துக் கிளம்பும்வரை உள்ளே வர மாட்டார். நாங்கள் கோபப்பட்டோம். அப்புறம் டெஹானுவை மறுபடி எடுத்தேன். அரசன் அனுப்பிய ஆட்கள் தன்னைத் தேடி வருகிறார்கள் என்று தெரிந்ததும் கெட் பதறி மலைக்கு மேலே ஆடு மேய்க்க ஓடும் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பதினேழு வயதில் கோழைத்தனம் என்று நினைத்த இடம் அது.

டெனாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டாம் நூலின் நாயகி அவள். அட்டுவான் கல்லறைகளின் இருட்டிலிருந்து வெளியே வந்தவள் மூன்றாம் நூலின் கதையில் இல்லவே இல்லை. எங்கே போனாள் என்று நம்மில் எத்தனை பேர் தேடினோம்? நான் தேடவில்லை. அவள் காண்டில் ஒரு விவசாயியைக் கட்டிக்கொண்டு, பிள்ளை பெற்று, கணவனையும் இழந்து நிற்கிறாள். சொந்தக்காரர்களே சீரழித்து நெருப்பில் தள்ளிய ஒரு சிறுமியை எடுத்து வளர்க்கிறாள். முகத்தில் வலது பாதி வெந்துபோன அந்தத் தெர்ருவைக் கண்டு ஊரே ஒதுங்குகிறது. கெட்டின் குருவான ஓகியான் சாகும் தறுவாயில், எல்லாரும் இவளுக்கு அஞ்சுவார்கள் என்று டெனாரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்.

ஒரு விசிறி வருமே, நினைவிருக்கிறதா? நெசவாளி ஒருவர் வீட்டில் இருக்கும் பழைய விசிறி. ஒரு பக்கம் ஹேவ்னர் நகரத்து ஆண்களும் பெண்களும், மறுபக்கம் டிராகன்கள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் இரண்டு ஓவியமும் ஒன்றோடொன்று கலந்து, அந்த மனிதர்களுக்குச் சிறகு முளைத்துவிடும். நூல் முழுக்க அந்த விசிறியாகத்தான் எனக்குத் தெரிகிறது. ஒன்றுமே நடக்கவில்லை, சமையலும் தையலும் ஆடும்தான் என்று அலுத்துக்கொள்பவர்கள் அந்தப் பக்கங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

நூலில் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. ஆஸ்பென் என்ற மந்திரவாதி வெறும் வெறுப்பாலேயே செய்யப்பட்டவன் போல இருக்கிறான். முடிவும் அவசரமாக வருகிறது. டெனாரும் கெட்டும் மலை விளிம்பில் நிற்க, தெர்ரு கூப்பிட, கலெஸ்ஸின் வர, சில பக்கங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. இதைச் சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. முதல் நூலை ரசித்த பத்து வயதுப் பிள்ளையிடம் இதை அப்படியே கொடுக்க முடியாது என்பவர்கள் சொல்வதும் நியாயம். ‘எர்த்ஸீயின் கடைசி நூல்’ என்று துணைத்தலைப்பு வேறு போட்டிருந்தார்கள்; இதுதான் முடிவா என்ற ஏமாற்றம் அதனாலும் கூடியிருக்கும். கடைசியாக அது இருக்கவும் இல்லை. 2001இல் இன்னும் இரண்டு நூல்கள் வந்தன. டெஹானு இல்லாமல் அவை இரண்டும் ஓடாது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒரு ராத்திரி மூன்றாம் நூலின் கடைசி அத்தியாயத்தை எடுத்துப் படியுங்கள். முடித்த கையோடு டெஹானுவைத் திறந்து, டிராகன் வந்து இறங்கும் இடம்வரை விடாமல் போங்கள். அதற்கு மேல் பிடிக்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களோடு எர்த்ஸீ வாசித்து வளர்ந்த ஒருத்தி