சொதி செய்த வேலை

மக்கா,

தீபாவளிக்கு அப்புறம் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. ஏச வேண்டியதை நேரில் வந்து ஏசிக்கொள். இப்போது விஷயம் வேறு.

போன வாரம் அக்கா மகனுக்கு அம்பாசமுத்திரத்தில் மறுவீடு. சொதி இல்லாமல் மறுவீடா? கெட்டித் தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றி இறக்கியிருந்தார்கள். மூன்று தடவை வாங்கினேன். இஞ்சிப் பச்சடியை மட்டும் இலை ஓரத்திலேயே விட்டுவிட்டேன். ராத்திரி பாளையங்கோட்டை வந்து சேர்ந்து, சும்மா இராமல் அல்வாப் பொட்டலத்தையும் பிரித்து, கை நெய்யைத் துடைத்த கையோடு படுத்துவிட்டேன்.

இரண்டு மணிக்கு நெஞ்சுக்குள் கொள்ளிக்கட்டை. தொண்டை வரை புளிப்பு. சின்னவன் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஈசிஜியில் ஒன்றும் இல்லை. "நெய் அமிலத்தைக் கூட்டிவிட்டதோ டாக்டர்?" என்றேன். "குறைத்திருக்கும்" என்றது அந்தச் சின்னப் பிள்ளை!

நம் கணக்கு சார் மாதிரியே சீட்டின் பின்பக்கத்தில் வயிற்றை வரைந்தார். கொழுப்பு சிறுகுடலின் தொடக்கத்துக்கு இறங்கியதும் அங்கே கோலிசிஸ்டோகைனின் மாதிரி சில ஹார்மோன்கள் சுரந்து, 'அமிலம் போதும், சோற்றை மெதுவாக அனுப்பு' என்று இரைப்பையை அடக்குமாம். கொழுப்பு இரைப்பைச் சுரப்பை அடக்கும் என்று ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவே பார்த்திருக்கிறார். 1904-ல் அவருக்கு நோபல் கிடைத்ததே செரிமான ஆராய்ச்சிக்குத்தான். நமக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய நாயும் மணியும்!

அப்புறம் ஏன் எரிந்தது? சோறு நகராமல் அங்கேயே கிடக்கிறது. அதே ஹார்மோன் உணவுக்குழாயின் அடிவாசலையும் தளர்த்திவிடுகிறது. நான் வேறு மல்லாந்து கிடக்கிறேன். இருக்கிற அமிலம் கொஞ்சம் மேலே ஏறினால் போதும், அந்தக் குழாய் தாங்காது. இத்தனை வருஷமாக எண்ணெய்ப் பலகாரம் அமிலத்தைச் சுரக்க வைக்கும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன் நான். நீ சிரிப்பாய், சிரி.

ஆட்டோவில் போகும்போது உங்க அப்பா ஞாபகம்தான். வாய்வு என்று பெருங்காயம் கரைத்துக் குடித்துவிட்டுத் திண்ணையில் சாய்ந்தவர். அதனால்தான் நான் சோடாவோடு நிறுத்தவில்லை. நீ மாத்திரையை மிட்டாய் மாதிரி சப்பிக்கொண்டு திரிகிறாயே, எத்தனை வருஷமாச்சு? ஒரு தடவை போய்க் காட்டு. மதினியிடம் போனில் சொல்லிவிட்டேன், இனி உன்னால் மழுப்ப முடியாது.

பாதி அல்வா ஃபிரிட்ஜில் இருக்கிறது. வருவதானால் சாயங்காலம் ஆறு மணிக்குள் வா. அதற்கு மேல் இந்த வீட்டில் அல்வா கிடையாது.

உன்,
மூன்றாம் பெஞ்சு