கனிவு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனக்காயம் பட்டவர்களை மருத்துவமனைகளும் காப்பகங்களும் நடத்தும் விதம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஊழியர்கள் இன்னும் கனிவாகப் பேச வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். பேசட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் நீண்ட காலம் மருத்துவ சமூகப் பணியாளராக இருந்தவள் என்ற முறையில் எனக்குப் படுவது, கோளாறு பேச்சைவிட நடைமுறையில்தான் அதிகம்.

வீட்டில் அடிபட்டு வரும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யும் இடத்தில் ஒரு தடவை, நர்ஸிடம் ஒரு தடவை, டாக்டரிடம் ஒரு தடவை, கடைசியில் எங்களிடம். நடந்ததை ஒவ்வொரு முறையும் அவர் முதலிலிருந்து சொல்ல வேண்டும், பல நேரம் பக்கத்தில் இருப்பவர்கள் காதில் விழும்படி. விவரம் கொஞ்சம் முன்பின் மாறினால் 'மாற்றி மாற்றிப் பேசுகிறார்' என்று கோப்பில் ஏறிவிடும். பெரும் பயத்தில் பதிந்த நினைவு பலருக்கு வரிசையாக வராது, துண்டு துண்டாக வரும். நாலு பேரும் எவ்வளவு இதமாகப் பேசினாலும் நாலு தடவை கேட்டது கேட்டதுதான். தனி அறையில் ஒருவர் கேட்டு எழுதி, அவர் சம்மதத்தோடு அந்தக் குறிப்பை மற்றவர்களுக்கு அனுப்பினால் முடிந்தது. (சட்டப்படியான வாக்குமூலம் வேறு விஷயம்.)

உடல் பரிசோதனையும் இப்படித்தான். சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான ஒருவருக்குப் பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து கிடப்பதுகூடத் தாங்க முடியாததாக இருக்கலாம். அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லலாம். கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவோம் என்றும் சொல்லலாம். சொன்னபடி நிறுத்தவும் வேண்டும்! அது நடக்காத இடத்துக்கு அவர் மறுபடி வரமாட்டார். நாமோ 'ஒத்துழைக்காத நோயாளி' என்று எழுதிவைப்போம்.

வராமல் போனவர்களை ஒருவர் தேடிப் போனதால்தான் இந்தத் துறைக்கே ஒரு பெரிய வெளிச்சம் கிடைத்தது. 1980களில் அமெரிக்காவில் உடல் எடை குறைக்கும் சிகிச்சை நடத்திய டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டி, எடை நன்றாகக் குறைந்துவந்தவர்களே பாதியில் நின்றுவிடுவதைக் கவனித்தார். விசாரித்தால், அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமையை அனுபவித்தவர்கள். அதன் தொடர்ச்சியாக ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவ ஆய்வாளரும் ஃபெலிட்டியும் மற்றவர்களும் சேர்ந்து 1998இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தைப் பருவக் கொடுமைகள் கூடக்கூடப் பிற்காலத்தில் இதயநோய் போன்ற நோய்களும் மனச்சோர்வும் கூடுவதைக் காட்டியது.

உடனே, வருகிற எல்லோரிடமும் பழைய காயங்களைக் கேட்டு, எத்தனை வகைக் கொடுமை என்று எண்ணி மதிப்பெண் போட வேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள். உங்கள் கட்டுரையும் அதைப் பரிந்துரைக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அந்த மதிப்பெண் ஒரு தனிமனிதரை எடைபோடும் கருவி அல்ல என்று ஆண்டாவே 2020இல் எழுதினார். கேட்டுவிட்டு உதவ வழியில்லாமல் அனுப்புவது இன்னொரு கொடுமை. யாருக்குத் தொற்று இருக்கிறது என்று தெரியாமலே எல்லோருக்கும் கையுறை போட்டுத்தானே ரத்தம் எடுக்கிறோம்? அதேபோல யாருடைய கதையும் தெரியாமலே எல்லோரையும் பயமில்லாதபடி நடத்தலாம். அவர்களாகச் சொல்ல வந்தால் கேட்க ஆள் இருந்தால் சரி.

அப்புறம், ஊழியர்கள். ஒரு நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு குழுப் புகைப்படம். மறுநாள் அதே கூட்டம், அதே ஆள் பற்றாக்குறை. பிறர் துயரத்தைத் தினமும் கேட்பவர்களுக்கும் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், ஒரு கட்டத்தில் எதுவும் உறைக்காமல் போகும். இவர்களுக்கு மூத்தவர் ஒருவரோடு மனம்விட்டுப் பேச வேலை நேரத்துக்குள்ளேயே இடம் வேண்டும். வேலை முடிந்த பிறகு என்றால் யாரும் உட்காரமாட்டார்கள், நானே உட்கார்ந்ததில்லை.

அடுத்து இதுபற்றி எழுதும்போது நிர்வாகிகளிடம் கேளுங்கள்: உங்கள் நிறுவனத்தில் ஒருவர் தன் கதையை எத்தனை பேரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது? அதைக் குறைக்க இந்த ஆண்டு என்ன செய்தீர்கள்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ சமூகப் பணியாளர் ஒருவர்