கடைவீட்டு ஹோட்டலில் எந்த அறை?

அன்புள்ள கலா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மகள் கல்யாணக் களைப்பு தீர்வதற்குள் தனியாகச் சிங்கப்பூர் கிளம்புகிறேன் என்கிறாய், முழங்கால் வலியையும் கூடவே கூட்டிக்கொண்டு! ஐந்து ராத்திரி, பெரிய ஹோட்டல் வேண்டாம், பழைய கட்டடத்தில் இருபது அறை உள்ள சின்ன ஹோட்டல் போதும் என்று எழுதியிருக்கிறாய். யோசனை நல்லதுதான். ஆனால் நீ அனுப்பிய நாலு பெயரில் எது நல்லது என்று கேட்டால் நான் என்ன சொல்ல? அந்த மாதிரி இடத்தில் ஹோட்டலைப் பார்க்கிறதைவிட அறையைப் பார்க்க வேண்டும். ஒரே கூரைக்குக் கீழே அருமையான அறையும் இருக்கும், மூச்சு முட்டுகிற அறையும் இருக்கும். வாடகையில் பெரிய வித்தியாசம் இருக்காது.

கட்டடம் அப்படி. தேக்கா (அதுதான் லிட்டில் இந்தியா), சைனாடவுன், கம்போங் கிளாம் பக்கமுள்ள பழைய கடைவீடுகளை, அதாவது கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டியவற்றை, 1989-இல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக அறிவித்துவிட்டார்கள். அதனால் முகப்பை இடிக்க முடியாது, உள்ளே மட்டும் மாற்றிக் கட்டி ஹோட்டல் ஆக்கினார்கள். கடைவீட்டின் அகலம் பதினாறிலிருந்து இருபது அடி இருந்தால் அதிகம். ஆழமோ அதைப்போல மூன்று, நான்கு மடங்கு போகும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச்சுவர். ஜன்னல் வைக்க முன்னால் ஒரு சுவர், பின்னால் ஒரு சுவர், நடுவில் நம் முற்றம் மாதிரி ஒரு வெளிச்சக் கிணறு, அவ்வளவுதான். மற்ற அறைக்கெல்லாம் ஜன்னலே கிடையாது. இணையத்தில் இதை அழகான பெயர் வைத்து விற்பார்கள். "ஸ்கைலைட்" என்றால் கூரையில் ஒரு கண்ணாடி. "உள்முற்றப் பார்வை" என்றால் எதிர் அறைக்காரர் பல் துலக்குவது தெரியும்.

முன்பக்க அறை வெளிச்சமானது, பார்க்க லட்சணமானது. ஆனால் பழைய மரச் சட்ட ஜன்னல் சத்தத்தைத் தடுக்காது. கிளப் ஸ்ட்ரீட், கியோங் சைக் ரோடு பக்கம் கீழே பார் இருந்தால் வெள்ளி, சனி இரவுகளில் தூக்கத்தை மறந்துவிடு. பின்பக்க அறையின் ஜன்னல் சந்துப் பக்கம் பார்க்கும். அங்கே பக்கத்து உணவகத்தின் புகைபோக்கி விசிறி, ஏசியின் வெளி யூனிட்டுகள், விடிகாலையில் குப்பை வண்டி. நடு அறை சத்தமில்லாதது, ஆனால் ஈரம். இரண்டு நாள் பூட்டிக் கிடந்தால் துணி நனைந்து காய்ந்த வாடை அடிக்கும். மேல் மாடியில் சாய்ந்த கூரை; எழுந்து நிற்கும்போது தலையில் இடிக்கும், மழை பெய்தால் தாளம்தான். என்னைக் கேட்டால் மூலைவீட்டு ஹோட்டலைத் தேடு. பக்கச்சுவரிலும் ஜன்னல் உண்டு என்பதால் நடு அறைக்கும் வெளிக்காற்று வரும்.

மாடிக் கணக்கிலும் ஏமாறாதே. அங்கே தரைத்தளமே முதல் மாடி. "இரண்டாம் மாடி" என்றால் நமக்கு முதல் மாடி. லிஃப்ட் இல்லாத கடைவீடுகள் ஏராளம். மரப்படி செங்குத்தாக, குறுகலாக இருக்கும். உன் முழங்காலுக்கு இதுதான் முதல் கேள்வி.

ஆக, பணம் கட்டுவதற்கு முன் ஹோட்டலுக்கே ஒரு மின்னஞ்சல் போடு. நாலு கேள்வி போதும்: லிஃப்ட் என் மாடி வரை வருமா? ஜன்னல் தெருவுக்கா, சந்துக்கா, உள்முற்றத்துக்கா? ரிசப்ஷனில் ராத்திரி ஆள் உண்டா? அறை எத்தனை சதுர மீட்டர்? பத்து சதுர மீட்டர் என்றால் நம் ஊர் பத்துக்குப் பத்து அறை. குளியலறையும் அதற்குள்தான் என்று வைத்துக்கொள். 28 அங்குலப் பெட்டியைத் திறந்து போட்டால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நீ நிற்க இடமிருக்காது. சின்னப் பெட்டி எடு. ஒரு நாளுக்குள் தெளிவாகப் பதில் வந்தால் அங்கே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். சுற்றிவளைத்தால் அடுத்த ஹோட்டலைப் பார்.

ராத்திரி ஆள் இல்லாத ஹோட்டல்கள் கதவுக்கு ஓர் எண்ணை உன் போனுக்கு அனுப்பும். அதுவும் சரிதான். ஆனால் இறங்கியதும் போனில் டேட்டா இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியோடு அஞ்சடியில் (கடைவீட்டு வாசலில் உள்ள கூரைபோட்ட நடைபாதை) நிற்க வேண்டியதுதான். தனியாகப் போகிறவளுக்கு நான் ஆள் இருக்கிற இடத்தையே சொல்வேன்.

வாடகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் விலை அதோடு முடியவில்லை. முதலில் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அப்புறம் அந்தக் கூட்டுத்தொகை மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி. 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) அறை 239 வெள்ளி 80 காசாக வந்து நிற்கும். தனியாகத் தங்குவதால் பாதி விலை என்றெல்லாம் கிடையாது; அறைக்குத்தான் வாடகை, தலைக்கு அல்ல. சேவைக் கட்டணம் போய்விட்டது, அதனால் டிப்ஸ் கொடுக்க வேண்டாம்.

அறையை உன் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே பதிவு செய். நம் ஆட்கள் இனிஷியலை முன்னால் போட்டு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து இன்னொரு பெயர் என்று வைத்துக்கொண்டு கவுன்டரில் நிற்பது வாடிக்கை. முன்பணத்துக்கு டெபிட் கார்டு நீட்டாதே. கிரெடிட் கார்டில் தொகையை முடக்கி மட்டும் வைப்பார்கள், போகும்போது விடுவிப்பார்கள். டெபிட் கார்டில் பணமே கணக்கிலிருந்து போய்விடும். திரும்பி வர சில சமயம் இரண்டு வாரம் ஆகும், மாற்று விகிதத்தில் கொஞ்சம் கரைந்தும் வரும். விசா எடுத்தபின், வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்கு ஹோட்டல் முகவரி கேட்பார்கள். அது இலவசம். காசு கேட்கிற தளம் வந்தால் அது அரசுத் தளம் இல்லை.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இங்கே ராத்திரி 12 மணி வாக்கில் ஏறினால் நாலு மணி நேரம் பறந்து, இரண்டரை மணி நேர வித்தியாசமும் சேர்ந்து, அங்கே விடிகாலை ஆறரை. அறை கிடைப்பது மதியம் 2 அல்லது 3 மணிக்கு. முந்தின நாள் ராத்திரியையும் சேர்த்து வாடகை கட்டு, இல்லாவிட்டால் பெட்டியை ரிசப்ஷனில் விட்டுவிட்டு ஊரைச் சுற்று. பெட்டியை மாடிப்படிக்கு அடியில் வலை போட்டு வைப்பார்கள், பூட்டெல்லாம் கிடையாது. நகையும் பாஸ்போர்ட்டும் கைப்பையில் இருக்கட்டும். விமான நிலையத்திலிருந்து எம்ஆர்டி ரயிலில் ஏறி, எக்ஸ்போவில் இறங்கி டவுன்டவுன் லைனுக்கு மாறினால் பூகிஸ், ரோச்சோர், லிட்டில் இந்தியா, சைனாடவுன் நாலும் அதே வழியில்தான். டாக்ஸி தேவைப்படாது.

சாவி வாங்கும்போது அறை எண்ணைச் சத்தமாகச் சொன்னால் எழுதிக் கொடுக்கச் சொல். அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துத் திறந்தபடியே வைத்துவிட்டுக் குளியலறை, அலமாரியைப் பார்த்துவிடு. பிறகு மூடி, உள்தாழ்ப்பாள் முழுதாக விழுகிறதா என்று இழுத்துப் பார். உள்பக்கத்தில் இன்னொரு கதவு இருந்தால் அது பக்கத்து அறைக்குப் போவது, அதையும் பார். ரப்பர் கதவு முட்டு ஒன்று எடுத்துப் போ, சொற்பக் காசுச் சமாச்சாரம். அப்படியே உன் கதவிலிருந்து படிக்கட்டு வரை எத்தனை கதவு என்று எண்ணி வைத்துக்கொள். புகை சூழ்ந்தால் கண் தெரியாது, கைதான் வழி.

லாக்கரை நம்புமுன் வெறுமையாகவே இரண்டு தரம் பூட்டித் திறந்து பார். பேட்டரி தேய்ந்திருந்தால் நகையை வைத்த பிறகுதான் திறக்க மாட்டேன் என்னும். இரண்டு கையாலும் தூக்கியும் பார். அசைந்தால் அலமாரியோடு திருகி மாட்டவில்லை. அதில் வைப்பதும் மேசைமேல் வைப்பதும் ஒன்று.

குளியலறையில் சாக்கடை வாடை அடித்தால் அறையை மாற்றச் சொல்ல அவசரப்படாதே. தரையில் இருக்கிற வடிகாலுக்கு அடியில் ஒரு வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். அதுதான் கீழிருந்து வரும் வாயுவைத் தடுக்கிறது. அறை பல நாள் காலியாகக் கிடந்தால் அது வற்றிவிடும். கெட்டிலில் தண்ணீர் பிடித்து இரண்டு தரம் ஊற்று. கால் மணி நேரத்தில் வாடை போய்விட வேண்டும். போகவில்லையென்றால் அப்புறம் கேள். வெந்நீர்த் தொட்டியும் சின்னது. 25 லிட்டர் தொட்டி என்றால் மழை போலக் கொட்டுகிற ஷவரில் ஆறேழு நிமிடம்தான். தலைக்கு ஊற்றுகிற நாளில் ஷாம்பு போடும்போது குழாயை மூடிவிடு.

சாவி அட்டையைச் செருகினால்தான் மின்சாரம். வெளியே போனால் ஏசியும் நின்றுவிடும், போன் சார்ஜும் ஏறாது. ஜன்னல் இல்லாத அறையில் துவைத்த துணி ராத்திரி முழுக்கத் தொங்கினாலும் ஈரமாகவே இருக்கும். ஏசியை "டிரை"யில் போடு. மின்னழுத்தம் நம்மைப் போலவே 230 வோல்ட், துளைதான் வேறு, மூன்று செவ்வக முள். ஒரே ஒரு அடாப்டரும் நம் ஊர் சின்ன எக்ஸ்டென்ஷன் போர்டும் இருந்தால் போனுக்கும் சார்ஜருக்கும் போதும்.

காலைச் சாப்பாடு சேர்ந்த அறை வேண்டாம். காசுக்கு ரொட்டியும் ஜாமும்தான் வரும். தேக்கா பக்கம் தங்கினால் சிராங்கூன் ரோட்டில் 1947-இலிருந்து கோமள விலாஸ் இருக்கிறது, இட்லி தோசைக்குத் தவிக்க மாட்டாய். சாப்பாட்டு அங்காடியில் இடம் பிடிக்க மேசைமேல் கைக்குட்டைத்தாள் பொட்டலம் ஒன்றை வைத்துவிட்டு வாங்கப் போ, கைப்பையை வைத்துவிடாதே. சாப்பிட்ட தட்டை நீயே எடுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதலில் எச்சரிக்கை, மறுபடியும் செய்தால் அபராதம். வாடை தூக்கும் டுரியான் பழத்துக்கு ஆசைப்பட்டால் தெருவிலேயே தின்றுவிட்டு வா. அறைக்குள் கொண்டுவந்தால் சுத்தம் செய்த கூலியை உன் கணக்கில் போடுவார்கள்.

கிளம்புகிற அன்று முன்பணத்தை விடுவித்ததற்கு ஒரு சீட்டு கேட்டு வாங்கி, கார்டு அறிக்கை வரும்வரை பத்திரமாக வை.

ஜன்னல் பற்றி அந்த நாலு ஹோட்டலும் என்ன பதில் சொல்கிறார்கள் என்று அப்படியே எனக்கு அனுப்பு. கல்யாண ஆல்பம் வந்துவிட்டதா?

உன்,
சுமதி